மேக்கப் தேவைப்படாத பேய்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தம்பிக்கு அந்த எண்ணம் வந்தது. வரும்போதே அது தப்பான எண்ணம் என்றும் அவனுக்குத் தெரிந்தது.

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தான். நீளமான நடைவழியின் மறுகோடியில், ஜன்னல் வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு அக்காவின் கணவர் வந்துகொண்டிருந்தார். வலது கால் தரையைத் தேய்த்தது. வலது கை மார்போடு மடங்கி, விரல்கள் எதையோ விடமாட்டேன் என்று பிடித்திருப்பதுபோலச் சுருண்டிருந்தன. ஓர் அடி வைப்பார், நிற்பார், சுவரைத் தொடுவார், இன்னோர் அடி வைப்பார். முகம் இருட்டில் இருந்தது. தம்பிக்கு முதுகு சில்லிட்டது. அடுத்த நொடி தன்மேலேயே வெறுப்பு வந்தது. எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து, "வாங்க மாமா, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மாமா இருபத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஊரில் பாதிப்பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். ஒரு நாள் காலையில் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து, "ஐந்தாவது நடைமேடையிலிருந்து" என்று ஆரம்பித்தவர் அதற்குமேல் சொல்லவில்லை. ஐந்தாவது நடைமேடையிலிருந்து என்ன புறப்படுகிறது என்று தெரியாமல் பயணிகள் மூட்டை முடிச்சோடு காத்திருந்த நேரத்தில், அவரை நாற்காலியோடு வெளியே தூக்கி வந்தார்கள். பக்கவாதம். உயிர் பிழைத்தார். புத்தி துளியும் கலங்கவில்லை. ஆனால் உடம்பின் வலது பாதி சொன்னபடி கேட்கவில்லை. வலது கன்னம் தொங்கிப்போனது. நாக்கு புரளவில்லை. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல வார்த்தைகள் வந்தன.

பழகப் பழகச் சரியாகும் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னாள். மூன்றாம் நாள் அவர் பேசியதைப் பதிவுசெய்து அவருக்கே போட்டுக் காட்டினாள். அவர் முழுவதும் கேட்டார், எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக வாயைத் திறக்கவில்லை. ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் காட்டுவார். வாசலைத் தாண்டுவதும் இல்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொள்வது அவருக்குத் தாங்கவில்லை.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. சம்பாத்தியம், மருந்து, சமையல் எல்லாம் அவள் தலையில். புலம்புகிற வழக்கம் இல்லை. புலம்புவதற்கும் நேரம் வேண்டுமே.

தம்பி பத்து வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன். இப்போதுதான் முதல்முறையாகப் படம் எடுக்கக் கிளம்பியிருந்தான். பெயின்ட் கடை முதலாளி ஒருவர், தன்னுடைய பூட்டிக்கிடந்த லாட்ஜிலேயே மொத்தப் படத்தையும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதல் போட்டார். பன்னிரண்டே நாள். பூட்டிக்கிடக்கும் லாட்ஜில் பேயைத் தவிர வேறு எதை வைத்துப் படம் எடுப்பது? கதையையும் எழுதிவிட்டான். அந்த லாட்ஜில் யாருக்காகவோ காத்திருந்து செத்துப்போன ஒரு பழைய வாடிக்கையாளர்தான் பேய். புதிதாகக் குடிவரும் நர்ஸ் அதைப் பார்த்து முதலில் பயப்படுகிறாள். பிறகு, அதற்கு யாராவது விடைகொடுத்தால் போதும் என்று புரிந்துகொள்கிறாள்.

கதை சரி. பேய்தான் சரியாக அமையவில்லை. ஜிம்னாஸ்டிக் தெரிந்த ஒருவரை வரவழைத்துச் சுவரில் தவழவிட்டுப் பார்த்தார்கள். பல்லி மாதிரி இருந்தது. விளக்குப் பிடித்தவரே சிரித்துவிட்டார்.

இரண்டு வாரம் மனசுக்குள் மல்லுக்கட்டிவிட்டுத் தம்பி மறுபடி அக்கா வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, ஒண்ணு கேட்பேன். அடிக்கக் கூடாது."

"அடிக்கிற மாதிரி இருந்தா கேட்காத."

கேட்டான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துண்டை முழுவதும் மடித்து, அடுக்கின் மேல் வைத்து, அதற்குப் பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

"வெளிய போ."

"அக்கா, நான் சொல்றத..."

"அவரு நடக்கறத நாலு பேரு பாத்துப் பயப்படணும். அதுக்கு நீ டிக்கெட் போடணும். அப்படித்தான? கூடப் பொறந்தவன்னு சோறு போட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

"பயப்படத்தான்க்கா. யாரும் சிரிக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"வெளிய போன்னு சொன்னேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளறைச் சுவரில் கைத்தடியால் தட்டும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். மாமா அறை வாசலில் சாய்ந்து நின்றார். பலகையை உயர்த்திக் காட்டினார்.

"எத்தனை நாள்?"

தம்பி செருப்பைக் கழற்றினான். "உங்களுக்கு ஆறு நாள் மாமா."

அவர் அழித்துவிட்டு எழுதினார். "வசனம் உண்டா?"

"இல்ல மாமா. பேய் பேசாது."

அவர் பலகையில் பெரிதாக ஒரு 'சரி' அடையாளம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முழுவதும் அக்கா அவரோடு சண்டை போட்டாள். ஒருவர் மட்டும் கத்துகிற சண்டை. "உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று கடைசியில் கேட்டாள். அவர் நிதானமாக எழுதி அவள் பக்கம் திருப்பினார். "இருக்கு. வீட்ல உட்கார்ந்தாலும் இருக்கு." மறுநாள் கடையில் ஒரு வாரம் விடுப்புக் கேட்டாள். யாராவது ஒரு வார்த்தை ஏடாகூடமாகச் சொன்னால் அவரைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

ராத்திரியில் படம்பிடித்தால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள் என்பதால், எல்லா ஜன்னல்களிலும் கறுப்புத் துணி கட்டிப் பட்டப்பகலில் ராத்திரி செய்திருந்தார்கள். லாட்ஜ் முழுக்கப் பழைய பெயின்ட் வாசனை. மேக்கப் போடும் பெண்மணி மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, டப்பாவை மூடினாள்.

"டைரக்டர், இவருக்கு நான் எதுவும் போட வேணாம். போட்டாக் கெட்டுப்போயிடும். நெத்தி பளபளன்னு இருக்கு, அதுக்கு மட்டும் கொஞ்சம் பவுடர் ஒத்தறேன்."

அக்கா பல்லைக் கடித்தாள். மாமாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியில் தன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் காட்சி லாட்ஜின் நடைவழியில். கதாநாயகி அறைக் கதவைத் திறந்து பேயைப் பார்த்து அலற வேண்டும். நர்ஸாக நடித்த அந்தப் பெண் கல்லூரியில் படிப்பவள், ஒரு வாரமாக அலறிப் பழகியிருந்தாள். மாமா மறுகோடியிலிருந்து நடந்து வந்தார். ஓர் அடி, சுவர், ஓர் அடி. கதவு திறந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. அப்படியே பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கட்" என்றான் தம்பி. "ஏம்மா, அலறவே இல்ல?"

"மறந்துட்டேன் சார்" என்றாள் அவள். "நிஜமா மறந்துட்டேன்."

கேமராமேனை எல்லோரும் 'ஒன்மோர்' என்று கூப்பிடுவார்கள், எதை எடுத்தாலும் இன்னொன்று கேட்பார் என்பதால். அன்று அவர் இன்னொன்று கேட்கவில்லை. மாமாதான் ஒரு விரலை உயர்த்தி இன்னொருமுறை கேட்டார். இரண்டாம் தடவை இன்னும் மெதுவாக நடந்தார். வேண்டுமென்றே நடுவில் நின்றார். அக்கா அதைக் கவனித்தாள். ஒன்றரை வருடமாக அந்த நடை அவருக்கு நேர்ந்த ஒன்றாக இருந்தது. அன்றுதான் அவர் அதைத் தானாகச் செய்தார்.

அவள் காத்திருந்த ஏடாகூடமான வார்த்தை வந்தது, ஆனால் அவள் நினைத்த மாதிரி வரவில்லை. ஒன்மோர் கேமராவிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "சார், கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க. அந்தத் தொங்கற கன்னத்துலதான் வெளிச்சம் அழகா விழுது. ஆங், அப்படியே."

ஒன்றரை வருடமாக உறவும் சுற்றமும் பாடுபட்டுப் பார்க்காமல் தவிர்த்த கன்னம் அது. இங்கே பத்துப் பேர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சத்தை அதற்காக நகர்த்தினார்கள். மாமா திரும்பிக் காட்டினார். டீ வந்தபோது கடைவாயில் வழிந்ததைக் கதாநாயகி தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, வர இருக்கிற தேர்வைப் பற்றிய புலம்பலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அக்கா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளும் சும்மா இருக்கவில்லை. கறுப்புத் துணிகளின் ஓட்டைகளைத் தைத்தாள்.

ஆறாம் நாள் கடைசிக் காட்சி. கதாநாயகி லாட்ஜின் வாசல் கதவைத் திறந்துவைத்து, "போங்க" என்று சொல்ல வேண்டும். பேய் அவளைக் கடந்து வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆனால் வயசில் பெரியவரைப் பார்த்து வெறுமனே 'போங்க' என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை.

"போயிட்டு வாங்க" என்றாள்.

மாமா படியில் கால் வைத்தவர் நின்றார். மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அப்படிச் சொல்லி அனுப்புகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் போய் அவருக்குப் பழக்கமில்லை. உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"வ... ரேன்" என்றார்.

திரும்பி வெளியே நடந்து போனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தம்பி 'கட்' சொல்ல மறந்து நின்றான். ஒலிப்பதிவு செய்கிறவர் மட்டும் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி, தட்டிப் பார்த்து, மறுபடி மாட்டினார்.

"சார், மன்னிச்சுக்கங்க. பேட்டரி போயிடுச்சு. ஒண்ணுமே விழல."

பேட்டரி மாற்றி மறுபடி எடுத்தார்கள். மாமா வந்தார், நின்றார், திரும்பினார், வாய் திறக்கவில்லை. மூன்றாம் தடவையும் அப்படியே. பலகையைக் கேட்டு வாங்கி எழுதினார். "அது வந்தது. வரவழைக்க முடியாது."

பிறகு எடிட்டிங் நடக்கும்போது தம்பி பின்னணிக் குரல் கொடுக்கிற ஒருவரை அழைத்துவந்து அந்த ஒரு வார்த்தையைப் பேசவைத்தான். கரகரத்த நல்ல பேய்க்குரல். அக்காவுக்குப் போட்டுக் காட்டினான். அவள் தலையை அசைத்தாள்.

"அவரு வாயில இன்னொருத்தர் குரல வைக்காதடா. சத்தம் இல்லாட்டிப் பரவாயில்ல. அப்படியே விட்டுடு."

"படத்துல சவுண்டே போயிட்ட மாதிரி இருக்கும்க்கா."

"போயிடுச்சுதான?"

அப்படியே விட்டான்.

படம் ஒரு சின்னத் திரையரங்கில் பகல் காட்சியாக மட்டும் வெளியானது. முதல் நாள் முப்பது பேர் இருந்திருப்பார்கள். மாமா தொப்பி வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடங்கிப் பத்தாவது நிமிடமே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று கடிகாரம் காட்டுகிறது, சுவரில் பளிச்சென்று ஒரு வெயில் வட்டம். கறுப்புத் துணியில் அக்கா தைக்காமல் விட்ட ஓட்டை. போலீஸ்காரராக வந்த பெயின்ட் கடை முதலாளியின் தொப்பி காதுவரை இறங்கியபோது ஒருவர் விசிலடித்தார். அக்கா மாமாவின் பக்கம் திரும்பினாள். சிரிக்கப் பழகிவிட்ட கூட்டம், இனி அவர் வந்தாலும் சிரிக்கும். கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போய்விடலாமா என்று நினைத்தாள்.

அதற்குள் நடைவழிக் காட்சி வந்துவிட்டது. திரையில் மறுகோடியில் ஓர் உருவம். ஓர் அடி, சுவர், ஓர் அடி.

சிரிப்பு நின்றது. விசிலடித்தவர் முன் வரிசையில் இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார். பின்னணி இசை போட வசதியில்லாததால் கால் தேய்க்கும் ஓசை மட்டும் கேட்டது. அது நெருங்கி வர எவ்வளவு நேரமானதோ அவ்வளவு நேரமும் ஒருவரும் இருமவில்லை. பக்கத்தில் அவர் தோள் குலுங்குவதை அக்கா உணர்ந்தாள். அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தாள். இருட்டில் குனிந்து பார்த்தாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், கண்ணில் நீர் வர, முன் வரிசைக்காரரின் தூக்கிய கால்களை விரலால் சுட்டிக் காட்டிக்காட்டிச் சிரித்தார். முப்பது பேர் திரையில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வேறு பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் ஓசையில்லாமல் அந்த உதடு அசைந்தபோது முன்னாலிருந்து யாரோ கேட்டார்கள், "என்ன சொல்லுச்சு?"

"வரேன்னுச்சு."

"வருமா? அப்ப இன்னொரு பார்ட் இருக்கு போல."

படம் ஐந்து நாள் ஓடியது. இணையத்தில் விமர்சனம் எழுதும் ஒரு வங்கி அதிகாரி அதைப் பார்த்து எழுதியிருந்தார். வாசகர்கள் அவரைக் 'கறார் மேடம்' என்பார்கள். தம்பி கைபேசியை அக்காவிடம் நீட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அவள் மாமாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

'இந்தப் படத்தில் ராத்திரியிலும் சூரியன் உதிக்கிறது. ஒரே கதவு ஒரு தடவை உள்பக்கமாகவும் ஒரு தடவை வெளிப்பக்கமாகவும் திறக்கிறது. நகைச்சுவைக் காட்சிகள்தான் படத்திலேயே பயங்கரமானவை. நர்ஸ் எந்த மருத்துவமனையில் எப்போது வேலைக்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் பிறகு இந்தப் படத்தைப் பாருங்கள் என்று சொல்கிறேன், அந்தப் பேய்க்காக. அது நம்மேல் பாயவில்லை, பல்லைக் காட்டவில்லை. அதன் பாட்டுக்கு நடந்து வருகிறது. வந்து சேர அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில், நாம் காக்கவைத்த மனிதர்கள் எல்லாம் நினைவுக்கு வருகிறார்கள். நடித்தவர் யார் என்று தெரியவில்லை. அவருக்கு என் வணக்கம். ஒரே ஒரு சந்தேகம்: கடைசியில் பேய் பேசும்போது ஒலியை எடுத்துவிட்டது கலையா, கவனக்குறைவா?'

மாமா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கதவு பற்றிய இடத்தில் தொடையைத் தட்டினார். தம்பி உள்ளே வந்து, "கலைன்னு பதில் போட்டுடலாமா மாமா?" என்று ஆசையாகக் கேட்டான். மாமா கைபேசியை வாங்கி, இடது கையால் தடவித்தடவி அவரே பதில் போட்டார்.

'நன்றி. பேட்டரி. இப்படிக்கு, பேய்.'

கறார் மேடத்திடமிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'அப்படியானால் அந்தப் பேட்டரிக்கும் என் வணக்கம்.'

அடுத்த திங்கட்கிழமை அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமா சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். பலகை கையில் இல்லை.

"பேச்சு... டீச்சர்... கிட்ட" என்றார். மூச்சு வாங்கியது. "போ... லாம்."

அவள் பையைக் கீழே வைத்தாள். ஏதாவது சொன்னால் உடைந்துபோகுமோ என்று பயந்து, "குடை எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். தெருவில் எதிரே வந்த ஒரு பெண் வழக்கம்போல முகத்தைத் திருப்பினாள். மாமா நின்று, அவள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து, தலையசைத்து வணக்கம் சொன்னார். அவளும் தடுமாறி வணக்கம் சொன்னாள்.

பயிற்சி தரும் பெண் மறுபடி பதிவுசெய்து போட்டுக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"மோசம்" என்றார். பிறகு, "நாளைக்கு... எத்தன மணி?" என்று கேட்டார்.

ஆறு மாதமாகப் போகிறார். பழைய குரல் வரவில்லை, வரப்போவதும் இல்லை. புரிகிற குரல் ஒன்று வந்திருக்கிறது. 'ழ'கரத்தோடு இன்னும் தினமும் சண்டைதான். போன வாரம் ஒரு குறும்படத்துக்கு அவரைக் கேட்டு வந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி வேடம், மூன்று வரி வசனம். "பேயா?" என்று முதலில் விசாரித்துக்கொண்டார். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றமடைந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, வசனத்தைப் பத்து நாள் முன்னாடியே தரச் சொன்னார்.

அன்று கடையில் மதிய இடைவேளையில் அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். அவன் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தான். படத்துக்குப் பிறகு மறுபடி அந்த வேலைக்கே போயிருந்தான்.

"சொல்லுக்கா. மாமாவுக்கு எதாச்சுமா?"

"ஒண்ணும் இல்ல. உன்ன அன்னைக்கு வெளிய போன்னேன்ல."

"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப?"

"நீ கேட்டது தப்புதான். இப்பவும் தப்புன்னுதான் சொல்வேன்." பின்னறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "ஆனா கேட்டியே, அதுக்கு ரொம்ப நன்றிடா."

"அக்கா, இங்க மேளச் சத்தம், சரியா கேக்கல."

"கேட்டிருக்கும்" என்றாள் அவள். போனை வைத்துவிட்டு, பாதி தேய்த்து வைத்திருந்த லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.